துக்கத்துக்கு வந்த வண்டிகள்

“ஐயோ, என் சொந்தமே!” என்று கைகளை விரித்துக்கொண்டு ஆறு ஆண்கள் வாசலை நோக்கி ஓடிவந்தார்கள். ஜெனிஸ் சாவு வீட்டு வழக்கப்படி கைத்தடியில் நெஞ்சைச் சாய்த்து நின்று அவர்களைவிடச் சத்தமாகக் குரலெடுத்து அழுதான். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கட்டிப்பிடித்து, முதுகைத் தட்டி, தங்கள் முகத்தைக் கையால் வழித்து துஆ செய்துவிட்டு உள்ளே போனார்கள். கடைசி ஆள் குனிந்து நிலைப்படியைத் தாண்டியதும் ஜெனிஸ் மூக்கைச் சிந்தி மண்ணில் உதறினான். பொரித்த ரொட்டித் தட்டோடு பின்னால் வந்து நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

“ஆறு பேரு, மூணு வண்டி. ஆளுக்கு ஒரு வண்டியில வாங்கடான்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சொந்தக்காரனுங்களா இவனுங்க?”

“எதுக்கு அப்படிச் சொன்ன?” என்றாள் ஷோல்பான்.

“ரோட்டோரத்துல உன் ஆபீஸ் ஆளு உக்காந்து வண்டி எண்ணிக்கிட்டு இருக்கானே. பாவம், அவனுக்குக் கொஞ்சம் வேலை குடுப்போம்னுதான்.”

அடுத்த கார்க் கதவுகள் அடைபடும் சத்தம் கேட்டது. ஜெனிஸ் தடியை மறுபடி நெஞ்சுக்குக் கொடுத்தான். குரல் உடைந்து கரகரத்தது. அது நடிப்பில்லை. அப்பா செத்த இந்த மூன்று நாளில் அவன் இமை இரண்டும் அழுது தடித்துப் புண்ணாகியிருந்தன. அழுகையும் கணக்கும் ஒரே மனிதனுக்குள் இடித்துக்கொள்ளாமல் இருந்ததுதான் ஷோல்பானுக்குக் கோபப்பட வழியில்லாமல் செய்தது.

தாஸ்புலாக் ஊரை ஒட்டிப் போகிற நெடுஞ்சாலையில் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவில் அழிந்த வெள்ளைக்கோடு. சீன எல்லையிலிருந்து வருகிற லாரிகள் அதில் ஆமை மாதிரி ஊர்ந்து போகும். பின்னால் வருகிறவன் பொறுமை கெட்டு முந்துவான். எதிரே பனிமூட்டத்தில் ஒருவன் வந்துகொண்டிருப்பான். போன ஜனவரியில் பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும் பிள்ளைகள் இரண்டும் அப்படித்தான் போனார்கள். நடுவில் தடுப்பு வைத்து இருவழியையும் பிரித்துவிட்டால் இந்தச் சாவு நின்றுவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அப்படிப் பிரிக்கக் கேட்டு மாகாணம் முழுக்கச் சாலைகள் வரிசையில் நின்றன. இந்த முறை ஒன்றுக்குத்தான் இடம்.

எது அந்த ஒன்று என்று அறிக்கை எழுதவேண்டியவள் சாலைத்துறையில் வேலை பார்க்கும் ஷோல்பான். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று இந்தச் சாலை. மற்றது ஆற்றுக்கு அந்தப்பக்கம் உப்பளத்துக்குப் போகிற சாலை. சொந்த ஊர் என்று அவள் ஒதுங்கப் பார்த்தபோது இயக்குநர் சிரித்தார். “நம்ம மாகாணத்துல யாரோட சொந்த ஊருக்கும் போகாத ரோடு ஒண்ணு காட்டும்மா, அதை உனக்குத் தர்றேன்.”

விதிப்படி முதல் வாசல் வண்டி எண்ணிக்கை. ஒரு வாரம் ஆள் உட்கார்ந்து எண்ணி, வரம்பைத் தாண்டினால்தான் அந்தச் சாலையில் செத்தவர்களின் கணக்கையே எடுத்துப் புரட்டுவார்கள். உப்பளத்துச் சாலை தாண்டிவிட்டது. தாஸ்புலாக்குக்கு இதுதான் எண்ணும் வாரம். முதல் நான்கு நாளும் வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. ஐந்தாம் நாள் விடியலில் அப்பா அபில்காசி கண்ணை மூடினார். அன்றிலிருந்து மாகாணத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன.

பெண்கள் இருந்த அறையில் அத்தை பீபிஷ் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. காலையிலிருந்து ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டியிருந்தாலும் வாய் ஓயவில்லை.

“ஏண்டி ஷோல்பான், நடுவுல சுவரு வெக்கப்போறீங்களாமே?”

“சுவரில்ல அத்தை. இடுப்பு உசரத் தடுப்பு.”

“எதுவா இருந்தா என்ன? கபரஸ்தான் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கு. பொணத்தை எப்படித் தாண்டித் தூக்கிட்டுப் போவாங்க?”

ஜெனிஸின் மனைவி குல்சும் தேநீர்க் கோப்பைகளை அடுக்கியபடி சொன்னாள்: “கீழ சுரங்கம் மாதிரி வழி விடுவாங்க பெரியம்மா. ஆடு மாடு போறதுக்கு.”

“மாடு போற வழியில என்னைக் கொண்டு போவீங்களா?” பீபிஷ் துணியைச் சர்ரென்று கிழித்தாள். “எம் பேத்தி கல்யாணத்தைப் பாத்துட்டு இந்த வருஷமே செத்துத் தொலைக்கிறேன். சுவரு வர்றதுக்கு முன்னாடி மேல் வழியாவே போயிடறேன்.”

யாரோ சிரித்தார்கள். சிரித்தவளே உடனே அழுதாள். பீபிஷ் கிழித்த துணியை ஷோல்பான் மடித்து அடுக்கினாள்.

அப்பா கல் ஆலையில் வேலை பார்த்தவர். முப்பது வருடம் ஜல்லி நொறுக்கும் இயந்திரத்துக்குக் கீழே நின்றார். இந்தச் சாலைக்கு அடியில் கிடக்கிற கல்லில் பாதி அவர் கண் முன்னால் உடைந்தது. மீதி அவர் நெஞ்சுக்குள் தூசியாகப் போய்த் தங்கியது. கடைசி நாட்களில் ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. அப்படிப்பட்ட மூச்சைச் செலவழித்துத்தான் ஒருநாள் ஷோல்பானிடம் கேட்டார்.

“ரோடு வருமா?”

“வரும்ப்பா.”

“ஆபீஸ் சொல்லுதா, நீ சொல்றியா?”

“நான் சொல்றேன்.”

“அப்பச் சரி.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் வருகிற ஆயிரம் பேருக்கு அவள் அப்படித்தான் சொல்கிறாள். அந்த நேரத்தில் அவர் விலா எலும்புகள் துருத்தி மாதிரி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவளால் பார்க்கலாம் என்று சொல்ல முடியவில்லை. அதோடு போகட்டும் என்று நினைத்தாள். போகவில்லை. சாகப்போகிறவரிடம் பிழை பொறுக்கக் கேட்க ஊரே வரிசையாக வந்தது. வந்த ஒவ்வொருவரிடமும் அவர் அதையே சொல்லியிருக்கிறார்: என் மக ரோடு கொண்டு வர்றா.

நண்பகல் தாண்டியதும் ஜனாஸாவை வெளியே கொண்டுவந்தார்கள். உடல் கம்பளத்தில் சுற்றி முற்றத்தில் கிடந்தது. ஆண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசைகள் முற்றத்தை நிறைத்து, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு வைக்கோல் போர் வரை போயின. பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

இமாம் முன்னால் வந்து கேட்டார். “இவர் எப்படிப்பட்ட மனிதர்?”

“நல்ல மனுசன்!” என்றது கூட்டம்.

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். மூன்றாவது முறை பீபிஷ் மட்டும் ஷோல்பானின் காதருகே, “கோவக்காரன்” என்று முணுமுணுத்துவிட்டு தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவர் யாருக்காவது கடன்பட்டிருந்தால் இப்பொழுது சொல்லுங்கள். பிள்ளைகள் தீர்ப்பார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டு இறந்தவரைக் கனக்கச் செய்யாதீர்கள்.”

வழக்கமாக இந்த இடத்தில் யாரும் பேசமாட்டார்கள். காற்று மட்டும் வீசும். இமாம் கையைத் தூக்கப்போன நேரத்தில் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இருக்கு.”

தொக்தார். கிழட்டு லாரிக்காரர். ஜனவரியில் செத்த வாத்தியாரின் மனைவி இவருடைய மகள்.

“எனக்கில்ல, ஊருக்கு. ரோடு வருதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். நம்பி உக்காந்திருக்கோம்.”

கூட்டம் அசைந்தது. இமாம் தொண்டையைச் செருமினார். “அது கடனில் சேராது பெரியவரே.”

“ஆடு தர்றேன்னு சொன்னா கடன். ரோடு தர்றேன்னு சொன்னா கடனில்லியா? நான் சண்டைக்குச் சொல்லல. நீங்க கேட்டீங்க, சொன்னேன்.”

முன்வரிசையில் நின்ற ஜெனிஸ் தலையைத் திருப்பாமலே சொன்னான்:

“எங்கப்பா கடன் எதுவா இருந்தாலும் என்னுது. நான் ஏத்துக்கறேன்.”

தொழுகை தொடங்கியது. ஆனால் அதற்கு முந்தின அந்த ஒரு கணத்தில், வரிசைகளில் இருந்த முகங்கள் பல சுவரோரம் திரும்பி அவளைப் பார்த்துவிட்டுப் போனதை ஷோல்பான் பார்த்தாள். யார் முகத்திலும் பகை இல்லை. கடன்காரனை அல்ல, மழையைக் கொண்டுவரப்போகிற மேகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் புறப்பட்டார்கள். கபரஸ்தானுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. அவர்கள் வேலியோரம் நின்று அழுதார்கள். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் லாரிகள் நின்றுவிட்டன. ஓட்டுநர்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள், சிலர் கையேந்தி முகத்தை வழித்துக்கொண்டார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி அப்பா வெள்ளைக்கோட்டைத் தாண்டினார். அவர் போன பிறகும் பின்னால் நடந்த கூட்டம் தீர வெகுநேரம் ஆயிற்று. அதுவரை ஒரு லாரியும் ஒலி எழுப்பவில்லை.

ஷோல்பான் வேலிக் கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.

“எங்கடி போற? பொம்பளைங்க வரக்கூடாது!” என்று பீபிஷ் கத்தினாள்.

“ரோடு வரைக்கும்தான் அத்தை.”

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜீப் நின்றது. உள்ளே விக்டர் மடியில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். பலகையில் பொத்தான் வைத்த எண்ணும் கருவிகள் வரிசையாகப் பதித்திருந்தன: லாரிக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று. துறைக்காகப் பதினைந்து வருடமாகச் சாலையோரங்களில் உட்கார்ந்து எண்ணுகிறவர். அவளைப் பார்த்ததும் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“சவம் தாண்டும்போது மட்டும் அழுத்தல. மனசு வரல.”

“அதுல வண்டி ஏதும் இல்லியே.”

“இல்லதான். இருந்தாலும் கையை எடுத்துட்டேன்.”

இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நின்றிருந்த லாரிகள் ஒவ்வொன்றாகப் புகை கக்கிக் கிளம்பின. விக்டர் பழக்கத்தில் ஜன்னல் வழியே கையை விட்டு ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்தினார்.

“தாண்டிடுச்சு” என்றார். “நேத்து மத்தியானமே வார சராசரி வரம்பைத் தாண்டிடுச்சு. உங்கப்பாவுக்கு எவ்ளோ ஜனம்! நான் மேயர் ஒருத்தர் சாவுக்கு எண்ணியிருக்கேன், அதுக்குக்கூட இவ்ளோ வரல.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நினைக்கிறதுக்கு நான் ஆளில்ல. பொத்தானுக்கு வண்டி வந்துச்சான்னு தெரியும். எதுக்கு வந்துச்சுன்னு தெரியாது.” தொப்பியைக் கையில் திருப்பினார். “அப்படியே குடுத்தா யாரும் கேக்கப்போறதில்ல. என் கையெழுத்து, உங்க கையெழுத்து. முடிஞ்சுது.”

அவர் சொன்னது சரி. இந்த வண்டிகள் பொய் வண்டிகள் இல்லை. ஒவ்வொன்றும் இந்தத் தாரின் மேல்தான் வந்தன, இந்த லாரிகளுக்குப் பின்னால்தான் தவித்தன. ஆளுக்கொரு வண்டி என்று தம்பி சொன்னது வேண்டுமானால் தில்லுமுல்லு. அதற்காக வந்தவர்கள் எல்லாம் அப்படி வந்தவர்களா? வாத்தியார் குடும்பம் செத்த இடம் இங்கிருந்து பார்த்தால் தெரிந்தது. கம்பத்தில் கட்டிய பிளாஸ்டிக் பூக்கள் வெளுத்துப்போயிருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உப்பளத்துச் சாலையை எண்ணிய வாரத்தில் அந்த ஊரில் ஒரு பெரிய மனிதருக்கு வருட நினைவு விருந்து நடந்தது. குதிரைப் பந்தயம், நூறு கூடாரம், சாலை கொள்ளாத வண்டி. ஷோல்பான் அந்த நாட்களைக் கணக்கிலிருந்து அடித்து நீக்கினாள். செத்தவரின் மகன் அவள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். உப்புக் காற்றில் வெடித்த உதடு. “அக்கா, அத்தனை பேரும் எங்கப்பாவுக்காக வந்தவங்க. அவங்க வண்டி வண்டியில்லியா?” என்று கேட்டார். திருவிழா, விருந்து, சாவு, இந்த நாட்கள் கணக்கில் சேராது என்று அவள் விதியைப் படித்துக் காட்டினாள். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினாள். மறுபடி எண்ணுவதற்கு அவர்கள் இரண்டு வருடம் காத்திருந்தார்கள். அந்த இரண்டு வருடமும் அங்கேயும் வண்டிகள் மோதின. அங்கேயும் கம்பங்களில் பூக்கள் இருக்கும்.

“மூணு நாளையும் அடிச்சுடுங்க” என்றாள்.

விக்டர் தொப்பியைத் தலையில் வைத்தார். மறுபடி எடுத்தார். “அடிச்சா இந்த ரோடு இந்த வருஷம் போச்சு.”

“தெரியும்.”

“மறுபடி எப்ப வாய்க்குமோ.”

“அதுவும் தெரியும். காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல எழுதிடுங்க.”

“என்னன்னு எழுத?”

“சாவுன்னு.”

“யாரோடதுன்னு?”

“பேரு கேக்கமாட்டாங்க.”

அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து தாளை மடியில் வைத்து எழுதினார். நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுத்தி எழுதினார். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். கருவிகள் கிர்ரென்று சுழன்றன. அந்தச் சத்தம் நிற்கும்வரை ஷோல்பான் கபரஸ்தான் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் மண்வெட்டிகள் எழுந்து எழுந்து தாழ்ந்தன.

“வாங்க, சாப்பிடலாம்.”

“நான் எதுக்கும்மா அங்க?”

“மூணு நாளா எங்க ஊர் வாசல்ல பட்டினி கிடந்தீங்கன்னு நாளைக்கு எவனாவது சொன்னா எங்களுக்குத்தான் அசிங்கம்.”

“யாரு பட்டினி? உங்க தம்பி சம்சாரம் காலையில ஒரு சட்டி குதிரைக்கறி கொண்டுவந்து வெச்சுட்டுப் போச்சு. ‘நல்லா சாப்பிட்டு நல்லா எண்ணுங்கண்ணே’ன்னு சொல்லிச்சு.”

ஷோல்பானுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். விக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஜீப்பைப் பூட்டினார்.

அவர்கள் வீட்டை அடைந்தபோது அடக்கம் முடித்த ஆண்களும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குழியருகே போய்வந்தவர்கள் கை கழுவாமல் உள்ளே நுழையக்கூடாது. ஜெனிஸ் செம்புக் கெண்டியில் வெந்நீர் வைத்துக்கொண்டு கதவருகே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் முழங்கைவரை மண். விக்டரின் அக்குளில் துணி சுற்றிய பலகையைப் பார்த்ததும் ஊற்றுகிற கை நின்றது.

“இன்னும் பொழுது சாயலியே. எண்ணி முடிச்சாச்சா?”

விக்டர் ஷோல்பானைப் பார்த்தார்.

“மூணு நாளையும் அடிச்சாச்சு” என்றாள் அவள்.

“மூணையுமா?”

“மூணையும்.”

ஜெனிஸ் உதட்டைக் கடித்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்பாகிட்ட நீதான் சொன்ன. நான் சொல்லல.”

“நான்தான் சொன்னேன்.”

“அந்த மனுசன் அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாரு.”

“ஆமா.”

தொக்தார் கைகளை முன்னால் நீட்டியபடி வந்தார். கிழவரின் நகக்கண்களில் மண் அடைந்திருந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகும் நின்று கடைசி மண்ணைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பலகையைப் பார்த்தார், விக்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“என்ன பொண்ணே, நம்ம ரோடு?”

“இந்த வருஷம் இல்ல மாமா.”

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. “ஏன்?”

ஷோல்பான் வாயைத் திறந்தாள். விதியைச் சொல்லவா, உப்பளத்து மனிதரைச் சொல்லவா என்று தடுமாறுவதற்குள் ஜெனிஸ் நடுவில் வந்து நின்றான்.

“தொக்தார் மாமா, கடன் எம் பேர்ல இருக்கு. ஊரே கேட்டுச்சு. என்கிட்ட கேளுங்க.”

“உன்கிட்ட என்னடா இருக்கு குடுக்கறதுக்கு?”

“ஒண்ணும் இல்ல. இருந்தாலும் என்கிட்ட கேளுங்க. அவளைக் கேக்காதீங்க.”

கிழவர் அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தாடை எதையோ மெல்வதுபோல அசைந்தது. பின்னால் கை கழுவ நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து கறி வெந்த மணமும் பீபிஷ் யாரையோ திட்டும் சத்தமும் வந்தன. தொக்தார் கைகளை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

“ஊத்துடா” என்றார்.

ஜெனிஸ் ஊற்றினான். கிழவர் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவி, குல்சும் நீட்டிய துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்து விக்டர். பலகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தார். ஜெனிஸே அதை வாங்கி வேலிமேல் வைத்துவிட்டு அவருக்கும் ஊற்றினான். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள்.

எல்லோரும் உள்ளே போனபின் ஷோல்பான் மட்டும் நின்றாள். அவள் குழிக்குப் போகவில்லை, கழுவத் தேவையுமில்லை. ஜெனிஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கெண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் கைகளை நீட்டினாள். வெதுவெதுவென்று நீர் விழுந்தது. மணிக்கட்டு நனைந்தது, சட்டைக் கை நனைந்தது. போதும் என்று அவள் சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை. கெண்டி காலியாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.